பாக்ஸ்வுட் போன்சாய்: வேலிச் செடியா, நர்சரித் தொட்டியா, கிங்ஸ்வில்லா?

வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் டவுன்ஹவுஸ் வாங்கினால் வாசற்படிக்கு இரண்டு பக்கமும் உருண்டையாக வெட்டிவிட்ட பாக்ஸ்வுட் செடிகளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். போன்சாய் ஆசை வந்தவர்கள் அந்தச் செடியைத் தாண்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள். அங்கே உள்ளங்கை அகலத் தொட்டியில் 'கிங்ஸ்வில்' என்ற பெயர்ப்பலகையோடு ஒரு குட்டி மரம் இருக்கும். விலையைப் பார்த்துவிட்டு, இதில் தொடங்கலாமா, இல்லை வேறு ஏதாவது பாக்ஸ்வுட் போதுமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிமரம் பருத்த பழைய வேலிச் செடி ஒன்று நோயில்லாமல் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் நர்சரியில் விற்கும் சாதாரணத் தொட்டிச் செடி. கிங்ஸ்வில்லை இரண்டாவது மரமாக வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மெதுவான வளர்ச்சி என்றால் எவ்வளவு மெதுவாக

வேலிக்கு நிற்கும் சாதாரண பாக்ஸ்வுட்டின் தாவரவியல் பெயர் பக்சஸ் செம்பர்வைரன்ஸ். மண்ணில் வசதியாக நின்றால் வருடத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நீளும். இதே இனத்தில் சஃப்ரூட்டிகோசா என்ற குட்டை வகை ஒன்று உண்டு. இங்கே எல்லோரும் இங்கிலீஷ் பாக்ஸ்வுட் என்று சொல்வது இதைத்தான். அது வருடத்துக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் பெரிது. கிங்ஸ்வில் அதைவிடவும் மெதுவு.

இதெல்லாம் நீளக் கணக்கு. போன்சாய்க்கு அதைவிட முக்கியம் அடிமரத்தின் பருமன். வேர் தாராளமாக ஓடவும் கிளை இஷ்டத்துக்கு நீளவும் இடம் இருந்தால்தான் ஒரு மரம் பருக்கும். போன்சாய்த் தொட்டியில் இந்த இரண்டையும் நாம்தான் தடுத்து வைக்கிறோம். அதனால் எந்த மரமும் தொட்டிக்குள் போனதும் பருப்பது குறையும்; பாக்ஸ்வுட்டில் ஏறக்குறைய நின்றே விடும். வாங்குகிற அன்று அடிமரம் விரல் பருமன் என்றால் பத்து வருடம் கழித்தும் கிட்டத்தட்ட விரல் பருமன்தான். கிளையமைப்பு மாறும், இலைக்கொத்து அடர்த்தியாகும், வேர் விரிவு அழகாகும். அடிமரம் மட்டும் அப்படியே இருக்கும். பாக்ஸ்வுட்டில் காசு கொடுத்து வாங்குவது பருமனைத்தான், அதாவது வேறு யாரோ காத்திருந்த வருடங்களை. எந்தச் செடி என்று முடிவெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, அந்த வருடங்கள் எதில் மலிவாகக் கிடைக்கின்றன என்பதுதான்.

மெதுவாக வளர்வதில் லாபமும் இருக்கிறது. கட்டை அத்தனை நெருக்கமாக அமைகிறது. ஈரக்கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தாமஸ் பெவிக் மரச்செதுக்கு ஓவியங்களை மயிரிழைக் கோடுகளோடு செதுக்க முடிந்ததும் இந்தக் கட்டையின் குறுக்குவெட்டில்தான். செஸ் காய், அளவுகோல், புல்லாங்குழல், ஜப்பானில் சீப்பு, ஷோகி என்ற அவர்கள் ஊர்ச் சதுரங்கத்தின் காய் என்று இதன் பழைய வேலைகள் எல்லாமே நுணுக்கமானவை. போன்சாயில் இது எப்படி உதவுகிறது என்றால், பட்டுப்போன கிளையையோ வெட்டிய அடியையோ செதுக்கி அப்படியே மரத்தில் விட்டுவைக்கலாம். மேப்பிளில் அது சில வருடத்தில் இற்றுப்போகும். பாக்ஸ்வுட்டில் நெடுநாள் நிற்கும்.

இலையும் சின்னது. ஆரோக்கியமான செடி பழைய கட்டையிலிருந்தும் துளிர்விடும். வேர் ஆழம் போகாமல் சல்லிவேராகப் பின்னிக்கொள்ளும். ஒரு குறையையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். சாதாரண பாக்ஸ்வுட்டின் இலைக்குப் பூனை மூத்திர வாடை உண்டு. மழை பெய்து வெயில் அடிக்கும் நாளில் நன்றாகத் தெரியும். பால்கனியில் நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். ஜப்பானிய, கொரிய வகைகளில் இந்த வாடை அவ்வளவாகத் தெரியாது.

பழைய வேலிச் செடி

வெளியிலிருந்து பார்த்தால் வேலிச் செடியைப் பற்றி எதுவும் தெரியாது. வருடக்கணக்கில் கத்தரித்த செடி ஒரு பச்சை ஓடு மட்டும்தான். அதற்குள்ளே வெறும் குச்சிகளும் காய்ந்த இலைக் குவியலும் இருக்கும். ஒரு கையால் இலைக்கூரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். நீங்கள் தேடுவது தரையிலிருந்து ஒரே மரமாக எழுந்து, ஒரு சாண் உயரத்துக்குள் பிரியும் செடியை. பல நேரம் நான்கைந்து குச்சிகள் தனித்தனியாக மண்ணிலிருந்து வருவதுபோல் தோன்றும். உடனே கைவிட வேண்டாம். இங்கே வருடாவருடம் மல்ச் என்ற மரச்சீவல் மூடாக்கைக் கொட்டி மேடாக்குவது வழக்கம், அடிமரமே அதற்குள் புதைந்துபோயிருக்கும். விரலால் இரண்டு மூன்று அங்குலம் சுரண்டினால் அந்தக் குச்சிகள் எல்லாம் சேருகிற இடம் வெளியே வரும். அதற்கும் கீழே வேர் விரிவு நாலா பக்கமும் தெரிந்தால் நல்ல சரக்கு.

வயதான வேலியில் மணிக்கட்டுப் பருமன் அடிமரம் அபூர்வம் இல்லை. அதே பருமனில் பயிற்சி பெற்ற மரத்தைக் கடையில் வாங்கப் போனால் விலை நூற்றுக்கணக்கான டாலரில் ஆரம்பிக்கும். இங்கே அது இலவசம், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் வாசலைப் புதுப்பிக்கும்போது 'எடுத்துக்கொண்டு போனால் போதும்' என்று தருவது. சொந்த வாசல் செடியாக இருந்தால் ஹெச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளைப் படித்துவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள். வாசல் செடியை எடுத்தால் பதிலுக்கு ஒன்று நடச் சொல்லும் குடியிருப்புகள் உண்டு.

தோண்டுவதற்கு நல்ல காலம் குளிர் விட்டு, புதுத் துளிர் வெடிப்பதற்கு முன். இந்தப் பக்கம் மார்ச் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. முந்தின நாள் மண் நனையத் தண்ணீர் விட வேண்டும். அடிமரம் ஏழு சென்டிமீட்டர் இருந்தால், அதிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் தள்ளி வட்டமாக மண்வெட்டியை இறக்கலாம். ஆழமும் ஏறக்குறைய அவ்வளவு போதும், வேர் அதற்குக் கீழே பெரிதாக இருக்காது. வெளியே எடுத்ததும் வேர்க்கட்டின் அடியை ரம்பத்தால் தட்டையாக அறுத்துவிடுங்கள். வர்ஜீனியாவின் செங்களிமண் வேரோடு சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கும். அதை ஒரே நாளில் முழுக்கக் கழுவும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. இந்த முறை ஒரு பாதியை மட்டும் வேர் தெரியும்வரை உதறி எடுத்து, அந்தப் பக்கம் புது மண்கலவையைக் குச்சியால் குத்தி நிரப்பலாம். மறுபாதிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வரும் அடுத்த மாற்று நடவு இருக்கிறது.

முதல் வீடாகப் போன்சாய்த் தொட்டி வேண்டாம். மரப்பெட்டியோ, அடியில் நிறைய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டியோ போதும். கலவை பியூமிஸ் என்ற நுரைக்கல், லாவா கல், சலித்த பைன் பட்டை என்று நீர் வடிவதாக இருக்கட்டும். செடி ஆடாமல் கம்பியால் பெட்டியோடு கட்டிவிடுங்கள். ஆடினால் புது வேர் முறிந்துகொண்டே இருக்கும்.

கிளை விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். தோண்டிய கையோடு எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு, 'பழைய கட்டையில் துளிர்க்கும் என்றார்களே' என்று காத்திருப்பார்கள். ஆரோக்கியமாக மண்ணில் நிற்கும் செடி துளிர்க்கும். வேரில் பாதியை இழந்த செடிக்கு அந்தத் தெம்பு இருக்காது. பாக்ஸ்வுட்டில் ஒரு கிளைக்கும் அதற்கு நேர்கீழே இருக்கும் வேருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு கிளையில் ஓர் இலைகூட விடாமல் வெட்டினால் அந்தக் கிளையோடு அடிமரத்தின் ஒரு பட்டைக் கீற்றும் சேர்ந்து செத்துப்போகும் வாய்ப்பு அதிகம். வைத்துக்கொள்ளப் போகும் ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் பச்சை இருக்கட்டும். நீண்டவற்றைச் சற்றுக் குறைத்தால் மட்டும் போதும். முதல் வருடம் தண்ணீர், அரைநிழல் இரண்டும்தான் வேலை. இரண்டாம் வருடம் உட்பக்கத்தில் துளிர் வந்த பிறகு, அந்தத் துளிரை நோக்கிப் படிப்படியாகக் கிளையைக் குறைத்துக்கொண்டு வரலாம்.

இந்த வழியின் பெரிய தொல்லை பெரிய வெட்டுக்காயங்கள். பாக்ஸ்வுட்டில் காயம் மூடுவது ரொம்ப மெதுவு. கட்டைவிரல் பருமனில் ஒரு கிளையை அறுத்தால் அந்த வட்டம் உங்கள் காலத்தில் மூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குடைந்து பொந்தாக்குவதா, குச்சியாக விட்டுச் செதுக்குவதா என்று அறுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். வழுவழுப்பான, வடுவில்லாத அடிமரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேலிச் செடி சரிப்படாது.

இன்னொரு தொல்லை நோய். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். வேலிச் செடிக்கு ஆதரவாக நான் சொன்ன எல்லாவற்றையும் அது ஒன்றே புரட்டிப்போடக் கூடியது.

நர்சரித் தொட்டி

ஹார்டுவேர் கடை வாசலில்கூட அடுக்கி வைத்திருப்பார்கள். கிரீன் வெல்வெட், கிரீன் மவுண்டன், விண்டர் ஜெம் என்று பெயர்கள். முதல் இரண்டும் கனடாவின் ஆண்டாரியோவில் ஷெரிடன் நர்சரி உருவாக்கிய கலப்பினங்கள். சாதாரண பாக்ஸ்வுட்டையும் கொரிய வகையையும் சேர்த்தவை. குளிரை நன்றாகத் தாங்கும். போன்சாய்க்கு நான் இவற்றில் கிரீன் மவுண்டனைத் தேர்ந்தெடுப்பேன். கூம்பு வடிவில் வளரும் வகை என்பதால் நடுவில் ஒரே தண்டு கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். உருண்டையாக வளரும் வகைகளில் பெரும்பாலும் ஒரே தொட்டியில் மூன்று நான்கு குச்சிகளைச் சேர்த்து நட்டு அடர்த்தி காட்டியிருப்பார்கள். வாங்கிப் பிரித்தால் பென்சில் பருமனில் நாலு செடி கையில் இருக்கும்.

வாங்கும்போது ஒரு சோதனை. ஜப்பானிய ஹாலி என்ற செடி பார்வைக்கு பாக்ஸ்வுட்டை அப்படியே ஒத்திருக்கும், பல நேரம் பக்கத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஒரு குச்சியைப் பிடித்து இலைகளைப் பாருங்கள். பாக்ஸ்வுட்டில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை எதிரெதிராக இருக்கும். ஹாலியில் ஒன்று மாற்றி ஒன்று. ஹாலியும் போன்சாய்க்கு ஆகிற செடிதான், ஆனால் அதற்கு அமிலத்தன்மையுள்ள மண் பிடிக்கும். பாக்ஸ்வுட் நடுநிலையை ஒட்டிய மண்ணில், பிஎச் 6.5 முதல் 7.2 வரை, சௌகரியமாக இருக்கும்.

நர்சரித் தொட்டியின் பலம் விலையும் சுத்தமும். இலையுதிர் காலக் கடைசியில் தள்ளுபடி போடும்போது இரண்டு மூன்று வாங்கிவிடலாம். ஒன்று போனாலும் மனம் உடையாது. கத்தரி பிடிக்கவும் கம்பி கட்டவும் பழக இதைவிட நல்ல செடி இல்லை. பலவீனம் மெலிந்த அடிமரம். கொல்லையில் இடம் இருந்தால் வாங்கியதை மண்ணில் இறக்கி ஐந்தாறு வருடம் விட்டுவிடுவதுதான் வழி. இறக்கும்போது வேருக்கு அடியில் ஒரு தட்டை ஓடோ பலகையோ வைத்தால் வேர் பக்கவாட்டில் விரியும். இடமில்லை என்றால் சின்ன மரமாகவே, ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் வடிவமைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்துக்குக் கட்டைவிரல் பருமனே கிழமரம் போலக் காட்டும்.

கிங்ஸ்வில்

மேரிலாண்டில் கிங்ஸ்வில் என்ற ஊரில் ஹென்றி ஹோமன் நடத்திய நர்சரியிலிருந்து பரவிய வகை என்பதால் இந்தப் பெயர். தாவரவியல் பெயர்ப்பலகையில் பக்சஸ் மைக்ரோஃபில்லா 'காம்பாக்டா' என்று இருந்தாலும் இதுதான். இலை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. வருடத்துக்கு ஓர் அங்குலம்கூட வளராது. சாதாரண பாக்ஸ்வுட்டில் என்னதான் கத்தரித்தாலும் ஒரு வேலித் துண்டின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும். கிங்ஸ்வில்லில் கிளை பிரிந்து பிரிந்து நுனி மெலிவதைத் தள்ளி நின்று பார்த்தால் வயதான ஓக் மரம் தெரியும். அளவும் விகிதமும் இயற்கையாகவே அமைந்துவிட்டன. இதைப் பார்த்த கண்ணுக்கு மற்ற வகைகள் சற்று முரடாகத்தான் தோன்றும், அதை மறுக்க மாட்டேன்.

பிறகு ஏன் முதல் மரமாக வேண்டாம் என்கிறேன்? விலை ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம், இது கற்றுக்கொடுக்கும் வேகம். ஒரு வெட்டு சரியா தவறா என்று சாதாரண பாக்ஸ்வுட் அடுத்த பருவத்திலேயே காட்டிவிடும். கிங்ஸ்வில்லில் அந்தப் பதில் வர மூன்று நான்கு வருடம் ஆகும். தவறாகப் போன ஒரு கிளையை மறுபடி வளர்க்கப் பத்து வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கத்தரி பிடிக்கத் தெரிந்த கைக்கு இது பிரச்சினை இல்லை. தெரியாத கைக்கு ஒவ்வொரு வெட்டும் பயம்.

இதன் கிளைகள் எளிதில் முறிபவை. அடிமரத்தோடு சேரும் கவட்டில் முருங்கைக் கிளை மாதிரி பட்டென்று பிரிந்துவிடும். நுனியைப் பிடித்து வளைக்கவே கூடாது. கவட்டை ஒரு கையின் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியை மெல்லச் சுற்ற வேண்டும். பழைய கிளையாக இருந்தால் கம்பி சுற்றுவதை விட்டுவிட்டு, மெல்லிய கம்பியால் கீழ்நோக்கி இழுத்துத் தொட்டி விளிம்பில் கட்டுவது பாதுகாப்பு. சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு போகலாம்.

அடர்த்தியே இதன் அழகு, அதுவே எதிரியும்கூட. தன்போக்கில் விட்டால் பாசி உருண்டை மாதிரி ஆகிவிடும். உள்ளே வெளிச்சம் போகாமல் உட்குச்சிகள் காயும். உதிர்ந்த இலைகள் கவடுகளில் தங்கி ஈரம் காத்து, வொலுடெல்லா என்ற பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது சாமணத்தையும் கூர்நுனிக் கத்தரியையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கவட்டிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் குச்சி, நேர் மேலே எழும் குச்சி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படியும் குச்சி மூன்றையும் எடுத்து, காய்ந்த இலைகளைப் பொறுக்கித் தள்ள வேண்டும். கையளவு மரத்துக்கே ஒரு மதியம் போய்விடும். இந்த வேலை பிடித்திருக்கிறது என்றால் கிங்ஸ்வில் உங்களுக்கான மரம். இது அலுப்பு என்றால் வாங்காதீர்கள். வாங்கியவரிடம் போய் ரசித்துவிட்டு வாருங்கள்.

வாங்கும் முன் வாஷிங்டனில் இருக்கும் தேசிய மரத்தோட்டத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்வேன். 1976இல் ஜப்பான் பரிசாகத் தந்த 53 மரங்களோடு தொடங்கிய போன்சாய் அருங்காட்சியகமும், தேசிய பாக்ஸ்வுட் தொகுப்பும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அனுமதி இலவசம். பாக்ஸ்வுட் வகைகள் மண்ணில் வளர்ந்தால் கடைசியில் எந்த அளவு, எந்த வடிவம் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். கடைத் தொட்டியில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும் செடிகளுக்கு அங்கே எத்தனை வித்தியாசம் என்று புரியும்.

ஹார்லண்டியும் குச்சி நடவும்

ஹார்லண்டி தென்சீனப் பக்கத்து பாக்ஸ்வுட் இனம். கரண்டி வடிவ நீள இலை, இளம் வயதிலேயே வெடித்துத் தக்கைபோல் தடிக்கும் பட்டை. மற்ற பாக்ஸ்வுட் பட்டைகள் பல வருடத்துக்கு வழுவழுவென்று இருக்கும்போது, இது சீக்கிரமே கிழத்தோற்றம் காட்டிவிடும். வெப்பத்தைத் தாங்கும், கடுங்குளிரைத் தாங்காது. வடக்கு வர்ஜீனியா குளிரில் தொட்டியோடு வெளியே விட்டால் ஆபத்து. குளிர்காலத்தில் உறையாத, வெளிச்சமான அறை ஒன்று இருந்தால் மட்டும் யோசியுங்கள். டெக்ஸாஸ், ஃபுளோரிடா பக்கம் இருப்பவர்களுக்கு என்றால் என் வரிசையையே மாற்றி இதை முதலில் சொல்வேன். சென்னை, மதுரை வெயிலில் இருப்பவர்கள் பாக்ஸ்வுட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சிற்றிலையும் நெருக்கமான கட்டையும்தான் வேண்டும் என்றால் காமினி என்ற செடி அங்கே தானாக வளரும், பூவும் வாசனையாக இருக்கும்.

குச்சி நட்டு வளர்ப்பது இலவச வழி. கோடைக் கடைசியில் முற்றிய நுனிகளை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரமான பெர்லைட்டில் நட்டு நிழலில் மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கத் தொடங்கும். ஒற்றை மரமாக்க வேண்டுமென்றால் இது மிக நீண்ட வழி. ஒரே தட்டில் உயரமும் குட்டையுமாக ஏழெட்டுக் குச்சிகளை நட்டுத் தோப்பு அமைக்க நினைத்தால் இதுதான் சரியான வழி. தோப்பில் மெலிந்த அடிமரம் ஒரு குறையே இல்லை. கவாத்து செய்யும்போது விழும் நுனிகளை வீணாக்காமல் நட்டுக்கொண்டே வந்தால் போதும்.

நோயும் புழுவும்

பாக்ஸ்வுட் பிளைட் என்ற பூஞ்சை நோய் 1990களில் இங்கிலாந்தில் தெரியவந்தது. அமெரிக்காவில் 2011இல் உறுதியானது. இலையில் கருவளையத்தோடு பழுப்புப் புள்ளி, பச்சைத் தண்டில் கறுப்புக் கோடுகள், பிறகு சில நாளிலேயே கொத்துக் கொத்தாக இலையுதிர்வு. தண்டின் கறுப்புக் கோடுதான் முக்கியமான அடையாளம், மற்ற நோய்களில் அது பொதுவாக வராது. வித்துகள் பிசுபிசுப்பானவை. காற்றில் வெகுதூரம் போகாது. கத்தரி, கையுறை, செருப்பு, தெறிக்கும் தண்ணீர் வழியாகப் பரவும். உதிர்ந்த இலைக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். ரொம்பச் சுலபமாகப் பிடித்துக்கொள்வது சஃப்ரூட்டிகோசாவை. பழைய வீடுகளில் அழகான அடிமரம் கிடைப்பதும் பல நேரம் அதே சஃப்ரூட்டிகோசாவில்தான் என்பது எரிச்சலான விஷயம்.

ஆகவே வேலிச் செடி எடுக்கும் முன் அந்த வரிசை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். ஒரு செடி திடீரென்று மொட்டையாக நின்றால் அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள். எடுத்த செடியை ஒரு முழுக் கோடை வரை மற்ற பாக்ஸ்வுட்டிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள். மாலையில் இலை நனையத் தண்ணீர் விடாமல், காலையில் மண்ணுக்கு மட்டும் விடுங்கள். நோய் எதிர்ப்புக்காகவே வர்ஜீனியாவின் சாண்டர்ஸ் பிரதர்ஸ் நர்சரி நியூஜென் என்ற வரிசையில் வகைகளை வெளியிட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பிளைட் இருக்கிறது என்று தெரிந்தால் நான் வேலிச் செடி யோசனையை மூட்டை கட்டிவிட்டு இவற்றில் ஒன்றையோ விண்டர் ஜெம்மையோ வாங்குவேன்.

பாக்ஸ்வுட் அந்துப்பூச்சி இன்னொரு புது விருந்தாளி. கிழக்காசியாவிலிருந்து 2000களில் ஐரோப்பாவுக்கு வந்து, 2018இல் டொராண்டோவில் தென்பட்டு, 2021இல் அமெரிக்காவில் நுழைந்தது. நியூயார்க், மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்கள் முதலில் அடிபட்டவை. பச்சையும் மஞ்சளுமாகக் கோடு போட்ட, கருந்தலைப் புழு. வலை பின்னிக்கொண்டு உள்ளிருந்து தின்னும். ஒரு போன்சாயில் இருந்தால் கையாலேயே பொறுக்கிவிடலாம், பி.டி. (Bt) என்கிற பாக்டீரியா மருந்தும் பலன் தரும். வேறு மாநிலத்திலிருந்து செடி கொண்டுவருவதாக இருந்தால் உங்கள் மாநில வேளாண் துறையின் தற்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலைத்துளைப்பான் பழைய தொல்லை. இலையின் அடியில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். உள்ளே ஆரஞ்சுப் புழு. வசந்தத்தில் இது மிகுந்த செடியில் காதை வைத்துக் கேட்டால் நொறுநொறு சத்தம்கூடக் கேட்கும். போன்சாய் அளவில் பாதித்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம். அது முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

கத்தரியா, கம்பியா

எந்தச் செடி எடுத்தாலும் அடுத்த கேள்வி இதுதான். பாக்ஸ்வுட்டில் நான் கத்தரி பக்கம். எதிரெதிர் இலை என்பதால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இரண்டு துளிர் வரும். வேண்டிய திசையில் போவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட்டால், கிளை கோணல்மாணலாகத் திரும்பித் திரும்பித் தானே வடிவெடுக்கும். புதுத் துளிர் முற்றி இலை கரும்பச்சையானதும் இரண்டு இலை விட்டு வெட்ட வேண்டும். முற்றுவதற்கு முன் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி இளைக்கும். வேலிக்கத்தரியால் மொத்தமாகச் சீவுவது மட்டும் கூடவே கூடாது, பாதி வெட்டுப்பட்ட இலைகள் ஓரம் கருகி அசிங்கமாக நிற்கும்.

கம்பி தேவைப்படும் இடம் முதன்மைக் கிளையின் கோணம். ஒன்றிரண்டு வயதுக் குச்சியாக இருக்கும்போதே அலுமினியக் கம்பியால் வளைத்துவிட வேண்டும். அதற்குமேல் வளைப்பது வம்பு.

யாருக்கு எது

சொந்த வீடு, கொல்லையில் கொஞ்சம் மண், ஐம்பதைத் தாண்டிய வயது என்றால் தயங்காமல் வேலிச் செடி. உங்களுக்குத் தேவையான வருடங்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. முப்பது வயதுக்காரர் என்றால் வேலிச் செடியோடு, கொல்லை மண்ணில் இரண்டு கிரீன் மவுண்டனையும் இறக்கிவிட்டு மறந்துவிடலாம். அபார்ட்மெண்ட் பால்கனி மட்டும்தான் என்றால் பருமனான மரத்தைத் தூக்கி இறக்குவதே பாடு. அங்கே நர்சரித் தொட்டியைச் சின்ன மரமாக்குவது நல்லது, கை பழகியதும் ஒரு கிங்ஸ்வில். அடுத்த வருடம் ஊர் மாறலாம், விசா எப்படியோ என்ற நிலையில் இருப்பவர்கள் குச்சி நட்டுத் தோப்பு செய்யுங்கள். போகும்போது நண்பருக்குக் கொடுத்தால் அவர் மகிழ்வார், உங்களுக்கும் நஷ்டமில்லை.

வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இலை விஷம். தொட்டியில் வேர் மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாகக் குளிரும் என்பதால் குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜோ, காற்று படாத சுவரோரம் மல்ச்சில் தொட்டியைப் புதைப்பதோ போதும். ஜனவரி வெயிலும் காற்றும் சேர்ந்து பட்டால் இலை செம்பு நிறமாகும். பயப்பட வேண்டாம், ஏப்ரலில் பச்சை திரும்பும். கராஜில் வைத்த செடிக்கும் தண்ணீர் வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.